ஸ்டீஃபன் ஹாப்கின்ஸின் பூர்விகம்: வுட்டன்-அண்டர்-எட்ஜா, ஹர்ஸ்லியா?

நெய்தலான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1620-இல் 'மேஃபிளவர்' கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து பிளிமத்தில் குடியேறிய 102 பயணிகளுள் ஒருவரான ஸ்டீஃபன் ஹாப்கின்ஸைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். அமெரிக்காவின் முதல் குடியேறிகளுள் பெரும்பாலோரின் இளமைக்காலம் ஒரு பதிவுகூட இல்லாமல் மறைந்துவிட்டிருக்க, இவர் வாழ்வு மட்டும் ஆவணங்களில் துண்டு துண்டாகத் தென்படுவதே என்னை ஈர்த்தது.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் குடிவழிப் பட்டியல்களைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஒன்றில் அவர் குளோஸ்டர்ஷயரின் வுட்டன்-அண்டர்-எட்ஜ் என்னும் ஊரில் பிறந்தவர் என்றும், முதல் மனைவி கான்ஸ்டன்ஸ் டட்லி என்றும் உள்ளது. இன்னொன்றில் ஊர் ஹாம்ப்ஷயரின் ஹர்ஸ்லி, மனைவி மேரி. மூன்றாவது பட்டியலைத் தொகுத்தவர் இரண்டையும் சேர்த்து, பிறந்தது குளோஸ்டர்ஷயரில், குழந்தைகள் ஹாம்ப்ஷயரில், மனைவியர் மூவர் என்று எழுதியிருக்கிறார். எந்தச் செய்திக்கு உண்மையில் ஆவணம் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

குடிவழி எழுதியது:

வணக்கம் நெய்தலான். இந்த வினாவுக்கு இங்கிலாந்திலிருந்து தொடங்கி விடை தேடினால் வழி தவறிவிடும். ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ் என்ற பெயர் அக்காலத்தில் பல கவுண்டிகளில் இருந்தது. பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர், முதலில் கண்ணில் படும் ஹாப்கின்ஸையே தமக்குரியவராக ஏற்றுக்கொண்டுவிடுவார். வுட்டன்-அண்டர்-எட்ஜ் கதை பல ஆண்டுகள் அச்சு நூல்களிலேயே நிலைத்துவிட்டதற்கும் காரணம் அதுதான். அந்த ஊர்க்காரர் கடல் கடந்தார் என்று காட்டும் ஆவணம் எதுவும் இல்லை; பெயர் ஒன்றாக இருந்தது, அவ்வளவே.

எனவே அமெரிக்கக் கரையிலிருந்து தொடங்குவோம். பிளிமத் காலனியின் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டு, கப்பலில் வந்தவர்களின் பட்டியலைத் தம் வரலாற்றுக் கையெழுத்துப் படியின் இறுதியில் எழுதிவைத்தார். அதில் ஹாப்கின்ஸ் குடும்பத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது. ஹாப்கின்ஸ், அவர் மனைவி எலிசபெத், முந்தைய மனைவிக்குப் பிறந்த கைல்ஸ், கான்ஸ்டன்ஸ் ஆகிய இரு பிள்ளைகள், இந்த மனைவிக்குப் பிறந்த டமாரிஸ், ஓஷியானஸ் ஆகிய இருவர், இவர்களோடு எட்வர்டு டோட்டி, எட்வர்டு லெஸ்டர் என்னும் இரு பணியாளர்கள். ஓஷியானஸ் நடுக்கடலில் பிறந்த குழந்தை என்பதையும் பிராட்ஃபோர்டு குறித்திருக்கிறார். இந்தக் கையெழுத்துப் படி அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் பாஸ்டனிலிருந்து காணாமற்போய், லண்டன் ஆயருக்குரிய ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் 1850-களில் கண்டெடுக்கப்பட்டு, 1856-இல் முழுமையாக அச்சாகி, 1897-இல்தான் மாசசூசெட்ஸுக்குத் திரும்பியது. அதற்கு முன் எழுதப்பட்ட மேஃபிளவர் குடிவழிகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டியதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நமக்கு உதவும் செய்தி 'முந்தைய மனைவி' என்ற குறிப்பில் இருக்கிறது. 1620-க்கு முன்பே மனைவியை இழந்த ஒரு ஸ்டீஃபன் ஹாப்கின்ஸுக்கு கைல்ஸ் என்ற மகனும் கான்ஸ்டன்ஸ் என்ற மகளும் இருந்தாக வேண்டும். இங்கிலாந்தில் தேட வேண்டியது இந்தச் சேர்க்கையைத்தான். 1998-இல் காலேப் ஜான்சன் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட கண்டுபிடிப்பு, வின்செஸ்டருக்குத் தென்மேற்கே சில மைல் தொலைவிலுள்ள ஹர்ஸ்லியின் பங்குப் பதிவேட்டில் (ஊர்த் தேவாலயத்தின் ஏட்டில்) அதே சேர்க்கையைக் காட்டியது. ஸ்டீஃபன் ஹாப்கின்ஸின் மகள் எலிசபெத்துக்கு 1604 மார்ச் 13 அன்றும், கான்ஸ்டன்ஸுக்கு 1606 மே 11 அன்றும், கைல்ஸுக்கு 1608 ஜனவரி 30 அன்றும் அங்கே திருமுழுக்கு நடந்திருக்கிறது. அதே பதிவேட்டில் 1613 மே 9 அன்று ஸ்டீஃபன் ஹாப்கின்ஸின் மனைவி மேரி அடக்கம் செய்யப்பட்ட பதிவு உண்டு. மேரி இறந்தபின் அவர் உடைமைகளை நிர்வகிப்பதற்காக எழுதப்பட்ட ஆவணத்திலும் இந்த மூன்று பிள்ளைகளின் பெயர்கள் வருகின்றன.

ஆகவே உங்கள் முதல் வினாவுக்கு என் விடை: குடும்பம் ஹர்ஸ்லியைச் சேர்ந்தது, பிள்ளைகளின் தாய் மேரி. கான்ஸ்டன்ஸ் டட்லிக்கு இந்தக் குடும்பத்தில் இடம் இல்லை. மூன்றாவது பட்டியலைத் தொகுத்தவர் செய்திருப்பது, ஒன்றுக்கொன்று முரணான இரு மனிதர்களை ஒருவராக ஒட்டவைத்த வேலை. இவ்வாறான ஒட்டுதல் இணையத்தில் ஒருமுறை ஏறிவிட்டால், நூறு பட்டியல்கள் அதைப் படியெடுத்துவிடுகின்றன. படியெடுத்தவர்களின் எண்ணிக்கையைச் சான்றாக நினைத்துவிட வேண்டாம் என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஏடகத்தார் எழுதியது:

குடிவழி அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆயினும் இரண்டு ஐயங்களை முன்வைக்க விரும்புகிறேன். எலிசபெத் என்பது அன்று வீட்டுக்கு வீடு இருந்த பெயர். கைல்ஸும் அரிய பெயரன்று. அப்படியானால் இந்த அடையாளம் முழுவதும் கான்ஸ்டன்ஸ் என்ற ஒரு பெயரின்மீது நிற்கிறதா?

இரண்டாவது, ஹர்ஸ்லியில் மேரி இறந்தபோது கணவர் எங்கே இருந்தார்? 1609-இல் பெர்முடாவில் உடைந்த 'சீ வென்ச்சர்' கப்பலில் ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ் என்ற ஒருவர் இருந்ததாகப் படித்திருக்கிறேன். அவரையும் மேஃபிளவர் ஹாப்கின்ஸையும் ஒருவராகவே பலரும் எழுதுகிறார்கள். இவர்தான் அவர் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஆவணம் உண்டா?

குடிவழி எழுதியது:

ஏடகத்தார் ஐயா, இரண்டும் கேட்கப்பட வேண்டிய வினாக்களே.

முதலாவதற்கு: தனித்தனியாக எடுத்தால் எந்தப் பெயரும் போதாது. ஆனால் தந்தை ஸ்டீஃபன் ஹாப்கின்ஸாக இருந்து, கைல்ஸ், கான்ஸ்டன்ஸ் இருவரும் ஒரே தாய்க்குப் பிறந்து, அந்தத் தாய் 1620-க்கு முன்பே இறந்து, பிள்ளைகளின் வயதும் பிற்காலச் செய்திகளோடு பொருந்திவருவது என்னும் நான்கு நிபந்தனைகளும் ஹர்ஸ்லியில் ஒருசேர நிறைவேறுகின்றன. கப்பல் ஏறியபோது கான்ஸ்டன்ஸுக்கு 14 வயது. 1627-க்குள் நிக்கலஸ் ஸ்னோவுக்கு மனைவியாகிவிட்டார். கைல்ஸுக்கு அப்போது 12 வயது. 1639 அக்டோபரில் கேத்தரின் வெல்டனை மணந்தபோது 31. இவற்றில் எதுவும் நெருடவில்லை. வேறொரு ஊரில் இதே நான்கும் நிறைவேறும் குடும்பம் கிடைக்காதவரை, ஹர்ஸ்லியை மறுக்க நியாயமான காரணம் இல்லை.

இரண்டாவது வினாவுக்கு, இவர்தான் அவர் என்று நேரடியாகச் சொல்லும் ஆவணம் கிடையாது. ஆனால் சூழ்நிலைச் சான்றுகள் வலுவானவை. அவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

'சீ வென்ச்சர்' 1609 ஜூன் 2 அன்று இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து வர்ஜீனியாவை நோக்கிப் புறப்பட்டு, ஜூலை இறுதியில் புயலில் சிக்கிப் பெர்முடாவின் பாறைகளில் மோதியது. ஏறத்தாழ 150 பேரும் உயிரோடு கரையேறினர். அவர்களுள் ஒருவரான வில்லியம் ஸ்ட்ரேச்சி எழுதிய நீண்ட மடலில், ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ் என்பவர் வேதாகமத்தில் நல்ல பயிற்சி உடையவர், வழிபாட்டில் சங்கீதங்களை வாசிக்கப் போதகர் ரிச்சர்டு பக் அவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார் என்ற குறிப்பு வருகிறது. கப்பல் உடைந்தபோதே அதில் வந்த வர்ஜீனியா ஆளுநரின் அதிகாரமும் முடிந்துவிட்டது, இனி யாரும் யாருக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை என்று ஹாப்கின்ஸ் மற்றவர்களிடம் வாதிட்டார். 1610 ஜனவரியில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தம் மனைவியும் பிள்ளைகளும் அழிந்துபோவார்கள் என்று அவர் கண்ணீரோடு மன்றாடியதால், ஸ்ட்ரேச்சி உட்பட முக்கியமானவர்கள் பலர் பரிந்துரைக்க, ஆளுநர் மன்னித்தார். பெர்முடாவிலேயே கட்டிய இரு சிறு கப்பல்களில் அவர்களுள் பெரும்பாலோர் 1610 மே மாதம் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் சேர்ந்தனர்.

இதை ஹர்ஸ்லியோடு வைத்துப் பாருங்கள். அங்கே கடைசித் திருமுழுக்கு 1608 தொடக்கத்தில். கப்பல் புறப்பட்டது 1609 நடுவில். அதன்பின் அந்தப் பெற்றோருக்கு அங்கே வேறு குழந்தை பதிவாகவில்லை. பெர்முடாவில் மன்றாடியவருக்கு மனைவியும் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் இருந்தனர். ஹர்ஸ்லியில் மேரியும் மூன்று பிள்ளைகளும் இருந்தனர்.

இனி மேஃபிளவர் பக்கம் வருவோம். 1620 நவம்பரில் கேப் காட் காடுகளில் சுற்றிய குழு, வளைத்துக் கட்டிய இளமரம் ஒன்றைக் கண்டு என்னவென்று தெரியாமல் நின்றபோது, அது மான் பிடிக்கும் பொறி என்று சொன்னவர் ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ். 1621 மார்ச்சில் குடியிருப்புக்குள் தனியே நடந்து வந்த பூர்வகுடியினரான சமோசெட் இரவில் தங்கவைக்கப்பட்டது ஹாப்கின்ஸின் வீட்டில். அதே ஆண்டு கோடையில் வாம்பனோக் மக்களின் தலைவரான மசசாய்ட்டைச் சந்திக்க எட்வர்டு வின்ஸ்லோவோடு அனுப்பப்பட்டவரும் அவரே. பூர்வகுடிகளின் வாழ்க்கையை முன்பே கண்டறிந்த ஒருவரை அந்தக் குழு நம்பியிருக்கிறது என்பதே இவற்றுக்குப் பொருத்தமான விளக்கம்.

இன்னொன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன். கப்பல் வர்ஜீனியா உரிமையெல்லைக்கு வெளியே நங்கூரமிட்டதால் இனித் தங்களை ஆள யாருக்கும் அதிகாரம் இல்லை என்று பயணிகளில் சிலர் முணுமுணுத்ததையும், அதனாலேயே 1620 நவம்பர் 11 அன்று மேஃபிளவர் ஒப்பந்தம் எழுதப்பட்டதையும் பிராட்ஃபோர்டு பதிவுசெய்திருக்கிறார். முணுமுணுத்தவர்களின் பெயர்களை அவர் தரவில்லை. ஆனால் பெர்முடாவில் ஒலித்த அதே வாதம் பத்தாண்டுக்குப் பின் மீண்டும் ஒலித்திருக்கிறது. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஹாப்கின்ஸும் ஒருவர். இதைச் சான்றென்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அவர் குரல் கேட்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

மருதம் எழுதியது:

நெய்தலான் அவர்களுக்கு, இந்தக் காலத்துத் தேதிகளைக் குறிக்கும்போது கவனம் வேண்டும். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் சட்டப்படி ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே கைல்ஸின் ஜனவரித் திருமுழுக்கு அன்றைய ஏட்டில் 1607 என்றே இருக்கும். நம் கணக்குக்கு அது 1608. ஆய்வாளர்கள் 1607/8 என்று இரண்டையும் எழுதுவது இதனால்தான். எலிசபெத்தின் மார்ச் 13-க்கும் இதுவே பொருந்தும். சில இணையப் பட்டியல்களில் ஒரே குழந்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு முறை பிறப்பதற்கு இந்த மயக்கமே காரணம்.

இதனோடு டமாரிஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்டியல்களில் அதிகம் சிதைந்திருப்பது அவர் பதிவுதான். கப்பலில் வந்த டமாரிஸே பிற்காலத்தில் ஜேக்கப் குக்கை மணந்தவர் என்று பலர் எழுதுகிறார்கள். 1627 மே மாதம் காலனியின் கால்நடைகளைப் பங்கிட்டபோது, குழுவுக்கு 13 பேராக 12 குழுக்களில் எல்லாருடைய பெயர்களையும், குழந்தைகள் உட்பட, எழுதிவைத்தார்கள். ஏழாம் குழுவில் ஸ்டீஃபன், எலிசபெத், கைல்ஸ், கேலப், டெபோரா, நிக்கலஸ் ஸ்னோ, கான்ஸ்டன்ஸ் ஸ்னோ ஆகியோர் இருக்கிறார்கள். டமாரிஸ் இல்லை, ஓஷியானஸும் இல்லை. ஆனால் 1644-இல் ஸ்டீஃபன் எழுதிய உயிலில் மணமாகாத மகளாக ஒரு டமாரிஸ் இருக்கிறார். முதல் டமாரிஸ் 1627-க்கு முன்பே இறந்து, அதன்பின் பிறந்த மகளுக்கு அதே பெயர் சூட்டப்பட்டது என்பதே இதற்கு இசைவான விளக்கம். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அக்கால வழக்கம். ஒரு பெயர் பட்டியலில் இல்லை என்பதும் ஒரு செய்தியே என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

நெய்தலான் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹர்ஸ்லிவரை தெளிவாகிவிட்டது. அதற்கு மேலே ஒரு தலைமுறை ஏற முடியுமா? ஹாம்ப்ஷயரின் அப்பர் கிளாட்ஃபோர்டில் 1581 ஏப்ரல் 30 அன்று திருமுழுக்குப் பெற்ற ஸ்டீஃபன், ஜான் ஹாப்கின்ஸுக்கும் எலிசபெத் வில்லியம்ஸுக்கும் பிறந்தவர் என்று பார்த்தேன். இதை உறுதியென்று எழுதலாமா? லண்டனில் நடந்த இரண்டாம் திருமணத்தையும் அவ்வாறே எழுதலாமா?

ஏடகத்தார் எழுதியது:

உறுதியென்று எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. அப்பர் கிளாட்ஃபோர்டை முன்வைத்து 2004-இல் வெளியான கட்டுரையே அதைப் பெரும்பாலும் பொருந்தும் பெற்றோர் என்ற அளவில்தான் சொல்கிறது. அதற்குச் சாதகமானவை உண்டு. ஊர் அதே கவுண்டியில், ஆண்டோவருக்கு அருகில் இருக்கிறது; குடும்பம் பின்னர் வின்செஸ்டருக்கு இடம்பெயர்ந்தது; அங்கிருந்து ஹர்ஸ்லி நடந்தே செல்லும் தொலைவு; 1581-இல் பிறந்தவர் 1604-இல் தந்தையாவது இயல்பான வயது. ஆனால் ஹர்ஸ்லியில் நாம் கண்ட பெயர்ச் சேர்க்கை போன்ற ஒரு பிடிமானம் இங்கே இல்லை. வின்செஸ்டர் ஜானின் மகன் ஸ்டீஃபன்தான் ஹர்ஸ்லி ஸ்டீஃபன் என்று சொல்லும் உயிலோ பத்திரமோ இருந்தால் மட்டுமே இந்தப் படியும் அந்தப் படியளவு உறுதியாகும்.

பதிவேடுகளின் இயல்பையும் நினைவிற்கொள்ள வேண்டும். தாமஸ் குரோம்வெல் 1538-இல் இட்ட ஆணையால்தான் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஊர்தோறும் எழுதிவைக்கத் தொடங்கினர். தொடக்கத்தில் தாளில் எழுதியவை சிதையவே, 1598-இல் அவற்றைத் தோல் ஏடுகளில் படியெடுக்கவும் ஆண்டுதோறும் ஆயருக்கு ஒரு நகல் அனுப்பவும் ஆணை பிறந்தது. பல ஊர்களில் தொடக்க ஆண்டுகள் படியெடுக்கப்படாமலே விட்டுப்போயின. கிடைத்திருக்கும் ஏடுகளில் ஒரே ஒரு பொருத்தமான ஸ்டீஃபன் தென்படுகிறார் என்பதால், பிறந்ததே ஒருவர்தான் என்று ஆகிவிடாது.

லண்டன் திருமணத்தில் என் தயக்கம் குறைவு. நகரின் கிழக்கு மதிலுக்கு வெளியே ஒயிட்சேப்பலில் இருந்த புனித மேரி மாட்ஃபெலன் கோயிலில் 1618 பிப்ரவரி 19 அன்று ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ், எலிசபெத் ஃபிஷர் என்பவரை மணந்ததாகப் பதிவு இருக்கிறது. மனைவியின் முதற்பெயர் பிராட்ஃபோர்டின் பட்டியலோடு பொருந்துகிறது. டமாரிஸும் ஓஷியானஸும் பிறப்பதற்கு ஏற்ற இடைவெளியும் இருக்கிறது. அந்தக் கோயில் 1940-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. இடம் இன்று அல்தாப் அலி பூங்காவாக இருக்கிறது. பதிவேடு தப்பியது நம் நற்பேறு. இதை 'பெரும்பாலும் உறுதி' என்று குறிக்கலாம்.

மருதம் எழுதியது:

மரபணுச் சோதனையால் இதைத் தீர்த்துவிடலாம் என்று யாரேனும் சொல்வார்கள் என்பதால் ஒரு வார்த்தை. ஒய்-குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும். ஸ்டீஃபனின் மகன்களில் ஓஷியானஸ் சிறுவயதிலேயே இறந்தார். கேலப் மாலுமியாகிப் பார்படோஸில் இறந்தார் என்று பிராட்ஃபோர்டு எழுதுகிறார். எனவே கைல்ஸின் ஆண்வழி ஒன்றே அதற்குப் பயன்படும். கான்ஸ்டன்ஸுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். இன்று ஹாப்கின்ஸை முன்னோராகக் கொண்டாடுவோரில் மிகப் பலர் அவர் வழியினர். அவர்களிடம் இந்தச் சோதனைக்குப் பொருள் இல்லை. கான்ஸ்டன்ஸிடமிருந்து மகள் மகளாக இடையறாது வரும் பெண்வழி கிடைத்தால், தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு வழியே மேரியின் தாய்வழியை அறியலாம். பொதுவான சோதனைகளோ பன்னிரண்டு தலைமுறைக்கு மேல் மிகவும் வலுவிழந்துவிடும். அந்தத் தலைமுறையில் ஒருவருக்கு 4,096 மூதாதையர் இடங்கள் உள்ளன, அவர்களில் பலரிடமிருந்து ஒரு துளி மரபணுகூட வந்திருக்காது. ஆண்வழிப் பொருத்தம் கிடைத்தாலும், அது ஜானைக் காட்டுமா, ஜானின் உடன்பிறந்தாரைக் காட்டுமா என்று சொல்லாது.

நெய்தலான் எழுதியது:

நீங்கள் மூவரும் சொன்னபடி என் பதிவை இவ்வாறு திருத்தியிருக்கிறேன். குறை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ், ஹர்ஸ்லியில் 1604 முதல் 1608 வரை பிள்ளைகளின் திருமுழுக்குப் பதிவுகளால் அறியப்படுபவர். இறப்பு பிளிமத்தில் 1644, உயில் ஜூன் 6, மெய்ப்பிக்கப்பட்டது ஆகஸ்ட் 20. முதல் மனைவி மேரி, அடக்கம் ஹர்ஸ்லி, 1613 மே 9. இரண்டாம் மனைவி எலிசபெத், பெரும்பாலும் உறுதியாக எலிசபெத் ஃபிஷர், ஒயிட்சேப்பல், 1617/8. பெற்றோர், இருக்கக்கூடும் என்ற குறிப்போடு, ஜான் ஹாப்கின்ஸ், எலிசபெத் வில்லியம்ஸ். கான்ஸ்டன்ஸ் டட்லியையும் குளோஸ்டர்ஷயரையும் நீக்கிவிட்டேன்.

குடிவழி எழுதியது:

நன்றாக இருக்கிறது. இரண்டு சேர்க்கைகள் மட்டும் செய்யுங்கள். மேரி ஹர்ஸ்லியின் கென்ட் குடும்பத்துப் பெண்ணாக இருக்கலாம் என்று 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று கருதுகிறது. அதையும் 'இருக்கக்கூடும்' என்ற குறிப்போடு சேர்க்கலாம். அடுத்து, மூத்த மகள் எலிசபெத்தை விட்டுவிடாதீர்கள். 1613 ஆவணத்தில் தம்பி தங்கையோடு இருக்கும் அவர் 1620-இல் கப்பலில் இல்லை. பிளிமத்தில் பின்னர் பிறந்த எலிசபெத் இரண்டாம் மனைவியின் மகள். தந்தையின் உயிலில் வருபவர் இவரே. இருவரையும் ஒருவராக இணைத்த பட்டியல்கள் இருப்பதால், மூத்தவளுக்குத் தனி வரி கொடுத்து, 1604 மார்ச்சையும் 1613 மே மாதத்தையும் எழுதி, அதற்குப் பிந்தைய இடத்தை வெறுமையாகவே விடுங்கள்.